காயாமுறிப்பு வளர்மதிக்கு ஒரு மைதானம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் மல்லாவிச் சந்தையில் கத்தரிக்காய் வாங்க நிற்பவர்களுக்கு அமராவதி வருவது முதலில் காதில்தான் விழும். லான்ட்மாஸ்ரர் என்கிற இரண்டு சில்லு உழவு இயந்திரத்தின் டக்டக் சத்தம் ஒன்று. அதை அமுக்கிக்கொண்டு பதினாறு பெண்பிள்ளைகள் தொண்டை கிழியப் பாடுகிற சத்தம் இன்னொன்று. பின்னால் பூட்டிய பெட்டிக்குள் அவர்களோடு ஒரு சாக்கு நிறையப் பந்தும் ஒரு வாளி தேசிக்காய்த் தண்ணீரும் இருக்கும். முன்னால் இரண்டு கைப்பிடியையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தலையில் துவாய் சுற்றியபடி, நாற்பத்துநாலு வயது அமராவதி. இந்தக் கோலத்தில் அவள் பூநகரிவரை போய், உதைபந்தாட்டத்தில் ஆறு கோல் வாங்கித் தோற்று, அன்றைக்கே திரும்பியும் வந்திருக்கிறாள். போகவர எட்டு மணித்தியாலம். வேறு யாராவது என்றால் பாதி வழியிலேயே பிள்ளைகளை பஸ் ஏற்றிவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பார்கள்.

காயாமுறிப்பு வளர்மதி மகளிர் விளையாட்டுக் கழகத்துக்குத் தலைவி, செயலாளர், பொருளாளர், சாரதி எல்லாம் அவள்தான். பயிற்றுநரும் அவள்தான். உதைபந்தாட்டம் அவளுக்குத் தெரியாது. அதை அவள் ஒரு குறையாக எடுப்பதுமில்லை. "பந்து அங்காலை போகவேணும், இஞ்சாலை வரக்கூடாது. இதிலை படிக்க என்ன கிடக்கு?" என்பாள்.

கழகம் பிறந்த கதை இன்னும் விசேஷம். இரண்டாயிரத்துப் பதினாறில் ஒரு நாள், கிணற்றுக்கு ஒரு கடிதம் எடுக்க அமராவதி பிரதேச அலுவலகத்துக்குப் போயிருந்தாள். பக்கத்து மேசையில் விளையாட்டு உத்தியோகத்தர் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். பிரதேச விளையாட்டு விழாவில் மகளிர் உதைபந்தாட்டத்துக்கு ஒரு அணிதான் பதிந்திருந்ததாம். ஒரு அணி யாரோடு விளையாடும்?

"எங்கடை ஊரிலை ஒரு அணி இருக்கு" என்றாள் அமராவதி.

அப்படி ஒன்றும் இருக்கவில்லை. ஏன் சொன்னாள் என்று இன்றைக்குக் கேட்டாலும் அவளுக்குத் தெரியாது. "அந்த மனுசன்ரை முகத்தைப் பாக்கப் பாவமாக் கிடந்தது" என்பாள். கழகத்தின் பெயரைக் கேட்டார்கள். சுவரில் தொங்கிய கலண்டரில் வளர்பிறை என்று கிடந்தது, வளர்மதி என்று சொன்னாள். பதினொரு பெயரைக் கேட்டார்கள். தன் பெயரை முதலில் எழுதி, பிறகு வாயில் வந்த பெயரையெல்லாம் எழுதினாள். அதில் இரண்டு பேர் முந்தின மாதம்தான் கலியாணம் கட்டி வவுனியாவுக்குப் போயிருந்தார்கள். ஊருக்கு வந்து வீடு வீடாக ஏறி, "உன்ரை பேர் அரசாங்கத்திலை பதிஞ்சாச்சு, இனி வராமல் இருக்கேலாது" என்று மிரட்டிப் பிள்ளைகளைச் சேர்த்தாள். முதல் ஆட்டம் பதின்மூன்றுக்குப் பூச்சியம். பூச்சியம் எங்களுடையது. எதிரணிக் கோல் காப்பாளர் பாதி நேரம் கம்பத்தில் சாய்ந்து நின்று தலைமயிரைப் பின்னிக்கொண்டிருந்தாள்.

திரும்பி வருகிற வழியெல்லாம் அழுகைதான் வரும் என்று அமராவதி பயந்திருந்தாள். பெட்டிக்குள் எட்டிப் பார்த்தால், எந்தக் கோல் யார் பிழை என்று பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தது. அன்றைக்குத்தான் அவளுக்குப் புரிந்தது, இது நிற்கப்போகிற விசயம் இல்லையென்று.

இந்தச் சண்டையை ஏன் அவள் அவ்வளவு விரும்பினாள் என்று விளங்க வேண்டுமென்றால் காயாமுறிப்பைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். ஊர் சின்னது. ஆனால் இரண்டு ஊர். குளத்துக்குக் கீழே வாய்க்கால் பக்கம். அங்கே யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்துக்கு வந்த குடும்பங்கள், வயல்காணிக்காரர். குளத்துக்கு மேலே காட்டோரம். அங்கே எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தோடு மலையகத் தோட்டங்களிலிருந்து உடுத்த துணியோடு வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். அமராவதியின் தகப்பன் அப்படி வந்தவர். அவளே பிறந்தது காட்டோரத்தில்தான். ஆனாலும் வாய்க்கால் பக்கத்தில் சிலருக்கு அவள் இன்னும் "தோட்டத்துப் பெட்டை"தான். யுத்தம் முடிகிறபோது இரண்டு பக்கமும் ஒரே பதுங்குகுழியிலும் ஒரே முகாமிலும் கிடந்தார்கள், ஒரே வரிசையில் சோற்றுக்கு நின்றார்கள். திரும்பி வந்து கூரைத்தகரம் போட்டதும் பழையபடி வாய்க்கால் பக்கம் வாய்க்கால் பக்கம், காட்டோரம் காட்டோரம். என்ன சனமோ!

பிள்ளைகளைச் சேர்க்கப்போன முதல் கிழமையே வாய்க்கால் பக்கத்துத் தாய் ஒருத்தி கேட்டாள்: "அவையளோடை எங்கடை பிள்ளையள் ஒரே பெட்டியிலை போறதோ?"

"வேண்டாமெண்டா நடந்து வரட்டும் அக்கா. கிளிநொச்சி பக்கத்திலைதானே" என்றாள் அமராவதி. பிள்ளை பெட்டியில்தான் போனாள்.

மைதானம் என்று ஒன்று வேண்டுமே. அது குளத்துக்குள் இருந்தது. சிரிக்காதீர்கள், உண்மையாகவே குளத்துக்குள்தான். வைகாசியில் தண்ணீர் வற்றத் தொடங்க, காட்டோரப் பக்கத்தில் நல்ல புல்தரை வெளியே வரும். ஆடியில் இருந்து ஐப்பசிவரை அது வளர்மதியின் மைதானம். மாரி வந்ததும் கோல் கம்பங்களின் தலை மட்டும் வெளியே தெரியும், அதில் நீர்க்காகம் குந்தும். மாரி முழுவதும் பிள்ளைகள் குளக்கட்டில் ஓடுவார்கள்.

அந்தத் தரை சரிவு. காட்டுப்பக்கம் மேடு, தண்ணீர் திறக்கிற துருசுப்பக்கம் பள்ளம். பந்து எப்போதும் தண்ணீரைப் பார்த்தே உருளும். வெளியூர் அணிகள் வந்தால் பாடாய்ப் படுவார்கள். ஒருமுறை நாயாற்றுப் பிள்ளைகள் பந்தை எடுக்க நாலு தரம் குளத்துக்குள் இறங்கினார்கள். ஐந்தாம் தரம் ஒருத்தி தாமரைக்கிழங்கோடு வந்தாள். வளர்மதிப் பிள்ளைகளுக்கு அந்தச் சரிவு உடம்பில் ஊறியிருந்தது. பந்தை நேரே அனுப்ப வேண்டுமென்றால் கொஞ்சம் மேட்டுப்பக்கம் பார்த்து அடிப்பார்கள், அது வளைந்து சரியான காலுக்கு வரும். அழகான வித்தைதான். ஆனால் அடுத்தவன் ஊர்ச் சமதரையில் போய் நின்றாலும் கால் அதே கணக்கில்தான் அடிக்கும். பந்து வளையாது. நேரே வெளியே போகும். "ஏனடி காட்டுக்கு அடிக்கிறாய்?" என்று அமராவதி கத்துவாள். காடு அங்கே எங்கே இருந்தது? அதனால்தான் வளர்மதி ஒன்பது வருடமாக லீக்கின் இரண்டாம் பிரிவிலேயே கிடந்தது. சொந்த ஊரில் புலி, வெளியூரில் பூச்சியம்.

இரண்டு வருடத்துக்கு முன் குளத்தைத் திருத்த வந்தார்கள். அணைக்கட்டை உயர்த்தி, மிச்சத் தண்ணீர் வழிந்தோடும் வான்கட்டை இரண்டு அடி கூட்டுவது திட்டம். ஊரே கொண்டாடியது. இரண்டு அடி தண்ணீர் கூடினால் கோடைகாலச் சிறுபோகம் முழுக்க விதைக்கலாம். மண் ஏற்ற ஆள் கேட்டார்கள். அமராவதி லான்ட்மாஸ்ரரோடு போய் நாலு மாதம் மண் ஏற்றினாள். வேலைக்காக மைதானத்தைச் சுற்றித் தோண்டியிருந்ததால் அந்த வருடம் சொந்த ஊரில் ஆட்டம் இல்லை. ஒரு வருடம்தானே என்று இருந்தாள். திறப்புவிழாவில் முன்வரிசையில் நின்று கை தட்டினாள்.

இரண்டு அடி என்றால் இரண்டு அடிதானே என்று அவள் நினைத்திருந்தாள். கட்டோரத்தில் அது இரண்டு அடிதான். தட்டையான காட்டுப்பக்கத்தில் அது தண்ணீர் நானூறு கெஜம் உள்ளே ஏறுகிற தூரம். அடுத்த வருடம் ஆடி வந்தது, புல் வெளியே வரவில்லை. ஆவணி வந்தது. கோல் கம்பங்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்றன. சிறுபோகம் வெட்டத் தொடங்கியும் தண்ணீர் முழங்காலுக்குக் கீழே இறங்கவில்லை. அமராவதி கட்டில் ஏறி நின்று பார்த்தாள். தன் பெட்டியில் தானே ஏற்றிய மண்ணால் தன் மைதானத்தைத் தானே மூடிவிட்டாள் என்று அப்போதுதான் விளங்கியது. "என்ரை மூளையைக் கழட்டிக் காகத்துக்குப் போடவேணும்" என்று வாய்விட்டுச் சொன்னாள்.

அந்தக் கிழமையே கடிதம் வந்தது. லீக்கின் செயலாளர் செந்தூரன் நல்ல பொடியன்தான், ஆனால் விதியென்றால் விதி. ஒரு கழகம் அடுத்தடுத்து இரண்டு வருடம் சொந்த மைதானத்தில் ஒரு ஆட்டமாவது நடத்தாவிட்டால் பதிவிலிருந்து பெயர் வெட்டப்படும். செப்டெம்பர் கடைசி ஞாயிறு நாயாற்று அணியோடு ஆட்டம். கணக்கு செப்டெம்பரோடு முடியும், அதுதான் கடைசித் தவணை. பெயர் வெட்டுப்பட்டால் திரும்பப் பதிய மூன்று வருடம் பொறுக்க வேண்டும். மூன்று வருடத்தில் பிள்ளைகள் மூலைக்கு மூலை போய்விடுவார்கள். அமராவதியின் மகள் சுரேகாவுக்கே இருபது வயது. கழகம் போனால் அந்தப் பெட்டியும் போகும், இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒன்றாக ஏறுகிற வேறு இடம் அந்த ஊரில் இல்லை. அமராவதிக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

பாடசாலை முற்றம் வலைப்பந்துக்குத்தான் காணும். காட்டோரத்தில் மரம் வெட்ட முடியாது. மிச்சம் வயல்தான். வாய்க்காலின் தலைப்பில் இருந்ததால் எல்லோருக்கும் முதல் வெட்டி முடிந்த வயல் ஒன்று வெறுமையாகக் கிடந்தது. மூன்று ஏக்கர், சமதரை, ரோட்டோரம். ஊரில் வேறு எந்த வயலாக இருந்தாலும் பரவாயில்லை, இது கணபதியருடையதும் அப்புத்துரையருடையதும்.

கணபதியர் மூத்தவர், எழுபது வயது. அப்புத்துரையர் தம்பி, நாலு வயது இளமை. தகப்பன் விட்ட மூன்று ஏக்கரை நீளப்பாட்டில் இரண்டாகப் பிரித்து நடுவில் வரம்பு போட்டிருந்தது. அந்த வரம்பு எங்கே இருக்க வேண்டும் என்பதில் பதினொரு வருடமாக வழக்கு. வரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்து மற்றவர் தன் மண்ணைத் தின்கிறார் என்று இரண்டு பேரும் சத்தியம் பண்ணினார்கள். பேச்சுவார்த்தை இல்லை. ஒருவர் வீட்டு நல்லது கெட்டதுக்கு மற்றவர் படலைக்குள் கால் வைப்பதில்லை. ஒவ்வொரு துண்டும் தனியே பார்த்தால் மைதானத்துக்கு நீளம் காணும், அகலம் காணாது. இரண்டும் சேர்ந்தால் அளவெடுத்துத் தைத்த சட்டை. நடுவில் அந்த வரம்பு.

இதில் அமராவதிக்கு மட்டும் தெரிந்த ஒரு விசயம் இருந்தது. இரண்டு பேருக்காகவும் அந்த வரம்பைச் செதுக்குகிறவள் அவள்.

பதினொரு வருடமாக, விதைப்புக்கு முதல் கணபதியர் அவளைக் கூப்பிட்டு வரம்பு செதுக்கச் சொல்வார். "எங்கடை பக்கத்தாலை ஒரு சாண் உள்ளுக்கு எடு பிள்ளை. ஆருக்கும் மூச்சு விடாதை" என்பார். அடுத்த கிழமை அப்புத்துரையர் கூப்பிடுவார். "எங்கடை பக்கத்தாலை ஒரு சாண்..." கூலிக்கு வந்தவள் என்ன செய்வாள்? ஒருவரிடம் மாட்டேன் என்றால் மற்றவரின் ஆள் என்று பேர் வரும், இரண்டு வேலையும் போகும். இரண்டு பக்கமும் செதுக்கினாள். ஒரு சாண் என்றால் நாலு விரல்தான் எடுப்பாள், அதையும் பாதி திரும்ப அப்பிவிடுவாள். ஆனாலும் பதினொரு வருடம். முன்பு அந்த வரம்பில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் விலத்திப் போகலாம். இப்போது கோழி நடந்தாலும் சறுக்கும்.

துணிந்து கணபதியரிடம் போய், ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு வரம்பை எடுத்துவிட்டு வயலில் விளையாடட்டோ என்றாள். கேட்டுவிட்டு அவர் கதிரையில் முன்னுக்குச் சாய்ந்தார்.

"வரம்பை எடுத்தா, பிறகு எங்கை கட்டுவாய்?"

"இருந்த இடத்திலை ஐயா. அடுத்த நாள் காலமையே."

கணபதியர் மனைவி சமைத்துக்கொண்டிருந்த குசினிப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இருக்கவேண்டிய இடத்திலை. விளங்குதோ? வேறை ஆரும் மண்வெட்டி வைக்கக்கூடாது. நீ கட்டுறதெண்டா எனக்குச் சம்மதம்."

அப்புத்துரையரிடம் போனாள். அவருடைய பேத்தி தேனுகாதான் வளர்மதியின் கோல் காப்பாளர். அவர் கண்ணைச் சிமிட்டினார். "அந்தாள் ஓமெண்டதே பெரிய விசயம். சரி, எடு. ஆனா திரும்ப நீதான் கட்டவேணும். நீ எங்கடை ஆளெல்லே."

இரண்டு பேரும் ஓம் என்றுவிட்டார்கள்! அமராவதி வீட்டுக்கு வந்து திண்ணைக்கும் குசினிக்கும் நடந்தாள். புருசன் யோகலிங்கம் மல்லாவி ஆலை ஒன்றில் நெல் குத்துகிறவர், அதிகம் பேசமாட்டார். அன்றைக்குப் பேசினார்.

"வாயைப் பொத்திக்கொண்டிரு. ஞாயிற்றுக்கிழமை வரைக்கும். மட்ச் முடியட்டும்."

"திங்கக்கிழமை?"

"திங்கக்கிழமை வரட்டும் பாப்பம்."

அவளுக்கு அந்தத் திங்கட்கிழமைதான் கண்ணுக்குள் நின்றது. மண்வெட்டியோடு அவள் எங்கே குனிந்தாலும் இரண்டு கிழவரில் ஒருவருக்கு உண்மை தெரிந்துவிடும். பிறகு வெட்டுக்குத்து. தேனுகாவை நிற்பாட்டுவார்கள், அவளோடு வாய்க்கால் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோரும் நிற்பார்கள். "தோட்டத்துப் பெட்டை குடும்பத்தைப் பிரிச்சவள்" என்று முடிப்பார்கள். பதிவில் பெயர் இருக்கும், பெட்டிக்குள் பிள்ளைகள் இருக்கமாட்டார்கள். சொன்னாலோ, ஞாயிற்றுக்கிழமை ஆட்டமே இல்லாமல் போகலாம். ஊரில் ஒருவரும் இனி அவளை வரம்பு வேலைக்குக் கூப்பிடவும் மாட்டார்கள். இரவெல்லாம் புரண்டுவிட்டு, சொல்வதென்றே எழும்பினாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டு பேரையும் வயலுக்கு வரச் சொன்னாள். பிள்ளைகள் மண்வெட்டிகளோடு பின்னால் நின்றார்கள். கணபதியர் தன் பக்கத்தில், அப்புத்துரையர் தன் பக்கத்தில், நடுவில் அந்த மெலிந்த வரம்பு. அந்தப் பதினொரு வருடத்தில் நில அளவையாளர் இல்லாமல் அவர்கள் இருவரும் ஒன்றாக நின்றது அதுதான் முதல்முறை.

"ஐயாமார், நான் ஒண்டு சொல்லவேணும்" என்றாள். "கணபதி ஐயா, நீங்கள் சொல்லி உங்கடை பக்கத்தாலை செதுக்கினது நான். அப்புத்துரை ஐயா, நீங்கள் சொல்லி உங்கடை பக்கத்தாலை செதுக்கினதும் நான்தான். ஒரே அளவு. ரெண்டு பேரும் மற்றவரின்ரை மண்ணிலை ஒரு பிடியும் எடுக்கேல்லை. வரம்பைத்தான் திண்டனியள். அதின்ரை நடு அப்பிடியே கிடக்கு, அசையேல்லை."

சுரேகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பதினொரு வருசமோ?" என்றார் கணபதியர். முகம் கறுத்துவிட்டது. "பதினொரு வருசமா எங்கள் ரெண்டு பேரையும் பேய்க்காட்டினியோ?"

"ஓம் ஐயா. பிழைதான். ஆனா நான் உங்களுக்கு மாட்டனெண்டு சொல்லியிருந்தா, நீங்கள் வேறை ஆளைப் பிடிச்சு உண்மையாகவே எடுத்திருப்பியள்."

"இனி என்ரை வயலுக்குள்ளை கால் வைக்காதை" என்று சொல்லிவிட்டுக் கணபதியர் திரும்பி நடந்தார்.

அப்புத்துரையர் வரம்பைப் பார்த்தபடியே நின்றார். திடீரென்று தேனுகாவின் கையிலிருந்த மண்வெட்டியைப் பறித்து, அண்ணன்காரனுக்குக் கேட்கவேண்டுமென்றே கத்தினார்: "நான் ஒருத்தற்றை மண்ணையும் களவெடுக்கேல்லை! ஊருக்கே இப்ப தெரியும்! வெட்டுங்கோடி பிள்ளையள்!"

"பொறுங்கோ" என்று அமராவதி குறுக்கே போய் நின்றாள். "அவர் ஓமெண்டு சொல்லாமல் ஒரு கட்டியும் எடுக்கக்கூடாது."

"உனக்கு மட்ச் வேணுமோ வேண்டாமோ?"

"வேணும் ஐயா. உயிராய் வேணும். ஆனா அவரின்ரை வரம்பும்தானே."

மண்வெட்டிகளைப் பெட்டிக்குள் போட்டார்கள். பிள்ளைகள் ஒருவரும் பாடவில்லை. அமராவதி குளக்கட்டடியில் லான்ட்மாஸ்ரரை நிற்பாட்டிவிட்டு, தேனுகா சுரேகா எல்லோரும் பார்க்கத்தக்கதாகவே ஓவென்று அழுதாள். ஒன்பது வருடத்தில் அவள் அழுததைப் பிள்ளைகள் கண்டது அன்றைக்குத்தான்.

மத்தியானச் சோறு போடும்போது கணபதியரின் மனைவி என்ன சொன்னாவோ, யாருக்கும் தெரியாது. தம்பி தன் மண்ணைத் தின்கிறான் என்று பதினொரு வருடம் நெஞ்செரிந்தவருக்கு, தின்னவில்லை என்று தெரிந்தது ஒரு பக்கம் ஆறுதலாகவும் இருந்திருக்கும். தம்பி வரம்பை வெட்ட முந்திக்கொண்டு நின்றான் என்பது இன்னொரு பக்கம் பொறுக்காமலும் இருந்திருக்கும். பின்னேரம் நாலு மணிக்கு அவர் தன் பெரிய ரக்டரில், பின்னால் ஒரு பனங்குற்றியைக் கட்டி இழுத்துக்கொண்டு வயலுக்கு வந்தார். காட்டோரத்துக்கு ஆள் அனுப்பி அமராவதியைக் கூப்பிட்டார்.

"வரம்பை வெட்டச் சொல்லு. பிறகு நான் குற்றியை இழுத்துச் சமப்படுத்திறன். அவரிட்டைச் சொல்லு, அவரின்ரை பக்கம் மேடாக் கிடக்கெண்டு."

அப்புத்துரையரும் சத்தம் கேட்டு வந்து, பத்துப் பன்னிரண்டு அடி தள்ளித்தான் நின்றார். "அவரிட்டைச் சொல்லு பிள்ளை, முதல் தன்ரை பக்கத்துப் பள்ளத்தைப் பாக்கட்டாம்."

அமராவதி நடுவில் நின்று இங்கே கேட்டதை அங்கேயும் அங்கே கேட்டதை இங்கேயும் சொன்னாள். இரண்டு பேருக்கும் காது நல்லாகவே கேட்கும். பொழுது படுவதற்குள் வரம்பு இல்லை. சனிக்கிழமை முழுக்கப் பிள்ளைகள் நெல் அடிக்கட்டையைச் செதுக்கினார்கள். குளத்துக்குள் இறங்கிக் கோல் கம்பங்களைப் பிடுங்கி வந்து நட்டார்கள். அடுப்புச் சாம்பலால் கோடு போட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை செந்தூரன் வந்து பார்த்தார். எல்லாம் சரி. நடுவில் வந்ததும், வரம்பு இருந்த இடத்தில் அவருடைய சப்பாத்துப் புதைந்தது.

"அக்கா, இந்தப் பட்டியிலை ஆராவது காலை முறிச்சா நான்தான் பதில் சொல்லவேணும்."

"ஒரு மணித்தியாலம் தாங்கோ தம்பி."

வளர்மதிப் பிள்ளைகள் வரிசையாக நின்று அந்தப் பட்டியை மிதித்தார்கள். பிறகு நாயாற்றுப் பிள்ளைகளும் சேர்ந்தார்கள். பிறகு பார்க்க வந்த தாய்மார், காட்டோரமும் வாய்க்கால் பக்கமும், செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார்கள். யாரோ தாளம் போட்டார்கள். ஐம்பது நிமிடம் இந்த நுனிக்கும் அந்த நுனிக்கும் நடந்தார்கள். செந்தூரன் திரும்பவும் மிதித்துப் பார்த்தார், புதையவில்லை. மத்தியஸ்தரை விசில் ஊதச் சொன்னார்.

ஆட்டத்தைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஆசைதான், ஆனால் வளர்மதி தோற்றது. சமதரை என்றால் அவர்கள் கால் கேட்காதே! சொந்த ஊரிலும் இல்லாத மேட்டைப் பார்த்தே அடித்தார்கள், பந்து அப்புத்துரையர் பக்கத்து எல்லைக்கு வெளியே போய்க்கொண்டே இருந்தது. முதல் பாதியில் நாயாறு ஒரு கோல். இடைவேளையில் அமராவதி, "பிள்ளையள், குளம் இல்லை. குளத்தை மறவுங்கோ. நேரை அடியுங்கோ" என்றாள். அவளுடைய வாழ்க்கையில் அவள் சொன்ன ஒரே ஒரு உதைபந்தாட்ட ஆலோசனை அதுதான். சுரேகா நேரே அடித்தாள், கோல்! வாய்க்கால் பக்கமும் காட்டோரமும் ஒரே குரலில் கத்தியதில் ரோட்டால் போன பஸ் நின்றுவிட்டது. கடைசி ஐந்து நிமிடத்தில் நாயாறு இன்னொரு கோல் போட்டது. ஓஃப்சைட் என்று பாதிச் சனம் கத்தியது, மத்தியஸ்தர் கையை உயர்த்தவில்லை. இரண்டுக்கு ஒன்று. செந்தூரன் மேசையில் குனிந்து, ஆட்டம் சொந்த மைதானத்தில் நடந்தது என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். அமராவதி நாயாற்றுக் கோல் காப்பாளரைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினாள். அந்தப் பிள்ளை பயந்துபோனாள்.

திங்கட்கிழமை விடியவே அமராவதி சொன்ன சொல்லுக்காக மண்வெட்டியும் கயிறும் எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனாள். சுரேகாவும் தேனுகாவும் கூட வந்தார்கள். வரும்போதே சத்தம் கேட்டது. கோல் கம்பத்தடியில் இரண்டு கிழவரும் நின்றார்கள். அப்புத்துரையர் கையை ஓங்கிக்கொண்டு நின்றார். அமராவதிக்கு நெஞ்சு விழுந்துவிட்டது, ஓடிப்போனாள்.

"கோல் அடிச்ச நாயாற்றுப் பெட்டை இந்த இடத்திலை நிண்டவள்" என்று கணபதியர் தடியால் தரையில் குத்தினார். "ஓஃப்சைட் இல்லை."

"உனக்குக் கண் தெரியாது அண்ணை. அவள் இஞ்சை நிண்டவள். என்ரை பேத்தி எப்பிடிப் பிடிக்கிறது? மத்தியஸ்தர் காசு வாங்கிப்போட்டான்!"

"உன்ரை பேத்தி முன்னுக்கு ஓடி வந்ததுதான் பிழை!"

"நான் ஓடாட்டி நேரை போயிருக்கும் பெரியப்பு!" என்று தேனுகா தூரத்திலிருந்தே கத்தினாள். அமராவதி அவளுடைய வாயைப் பொத்தினாள். அண்ணை என்ற சொல் அப்புத்துரையர் வாயிலிருந்து வந்ததை அவள் கேட்டிருந்தாள், அது கலையக்கூடாது என்றிருந்தது.

சண்டை ஒரு மூச்சு ஓயட்டும் என்று பார்த்துக்கொண்டு நின்று, ஓயாது என்று தெரிந்ததும் மெல்லக் கேட்டாள்: "ஐயாமார், கயிறு கொண்டு வந்திருக்கிறன். நடுவைப் பிடிச்சு வரம்பைக் கட்டட்டோ?"

கணபதியர் எரிச்சலோடு திரும்பினார். கதையைக் குழப்பினால் அவருக்குப் பிடிக்காது.

"அடுத்த மட்ச் எப்ப?"

"ரெண்டு கிழமையிலை ஐயா. பூநகரியோடை. இஞ்சைதான் வைக்கவேணும்... நீங்கள் விட்டா."

"விதைப்புக்கு இன்னும் மூண்டு கிழமை கிடக்கு. பிறகென்னத்துக்கு இப்ப மண்வெட்டியோடை வந்து நிக்கிறாய்?" என்றார். "போ. போய்ப் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வந்து ஓடவிடு. நேற்று ஒருத்திக்கும் நேரை அடிக்கத் தெரியேல்லை."